பழைய ஊர்களைப் பேணலும் குடிகளின் நல்வாழ்வும்

1. ஊர் என்பது யாது?

ஓர் ஊரின் பழமை யாண்டுளது என்று வினவினால், நம்மிற் பெரும்பாலோர் கோபுரத்தையும் கோட்டையையும் அரண்மனையையும் சுட்டிக் காட்டுவர். அவை பழமையின் பெருஞ் சின்னங்களே. ஆயினும், ஊர் என்பது அவற்றால் மட்டும் ஆயதன்று. மக்கள் நடமாடும் தெருவும், நீர் முகக்கும் குளமும், பண்டம் மாறும் கடைவீதியும், வண்டி அவிழ்த்துவிடும் பேட்டையும், வீட்டு முகப்பிலுள்ள திண்ணையும், நடுவேயுள்ள முற்றமும், மழைநீர் வடியும் காலும் ஆகிய இவையனைத்தும் கூடிய அமைப்பே ஊராகும். கோபுரம் ஒன்றை மட்டும் காத்து, அதனைச் சூழ்ந்த தெருக்களை உருக்குலைய விடுவது, ஓலைச்சுவடியின் மேற்சட்டத்தைப் பேணிக்கொண்டு உள்ளேடுகளைக் கறையானுக்கு இடுவதை ஒக்கும்.

இக்கருத்தை உலக நாடுகளும் இக்காலத்தில் ஒப்புகின்றன. யுனெஸ்கோ எனப்படும் உலகப் பண்பாட்டுக் கழகம் 2011ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் ஏற்றுக்கொண்ட பரிந்துரை ஒன்று, தொன்னகரங்களைத் தனித்தனிக் கட்டடங்களின் தொகுதியாகக் கருதலாகாது என்று கூறுகின்றது. நிலத்தின் அமைப்பு, நீர் ஓடும் வழி, வெளியிடங்கள், தொழில், வழக்கம், மக்களின் வாழ்க்கை ஆகியன பல தலைமுறைகளாகப் படிந்து அமைந்த ஒரே பரப்பாக நகரத்தைக் காணவேண்டும் என்பதும், காத்தலும் குடிகளின் வாழ்க்கை உயர்தலும் ஒருங்கே நோக்கப்படவேண்டும் என்பதும் அதன் சாரமாகும்.

2. இருவேறு கட்சிகள்

பழைய ஊர்களைப்பற்றிப் பேசுமிடத்து இரண்டு கட்சிகள் எழுவதைக் காண்கின்றோம். முதற் கட்சியார், "தெரு குறுகியது, வீடு இருண்டது, சாக்கடை நாறுகின்றது, யாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டுதலே வழி" என்பர். மற்றைக் கட்சியார், "முன்னோர் வைத்த கல்லில் ஒன்றும் அசைதல் கூடாது" என்பர்.

முன்னவர் கூறும் குறைகள் மெய்யே. அங்கே வாழ்வோர் படும் இடரை மறைத்துவிட்டுப் பழமையின் அழகை மட்டும் பேசுவது அறமாகாது. கழிப்பிடம் இல்லாத வீட்டில் வாழும் தாயொருத்தியிடம் அவ்வீட்டுத் தூணின் வேலைப்பாட்டைப் புகழ்ந்து பயன் என்னை? பின்னவர் கொள்ளும் அச்சமும் மெய்யே. இடித்தது மீண்டும் வாராது. ஆயினும் இருதிறத்தாரும் ஒன்றை மறந்தனர். நம் பக்கத்து ஊர்களில் பழையன என்று நாம் இன்று போற்றுவனவற்றுட் பல, முதலில் காட்சிக்காக எழுந்தன அல்ல, வாழ்க்கைக்காக எழுந்தன. குளம் நீருக்காக எழுந்தது; பேட்டை பண்டத்தின் காவலுக்காக எழுந்தது; முற்றம் காற்றுக்கும் ஒளிக்குமாக எழுந்தது. அப்பயன் மறக்கப்பட்டபோதே அவை பாழாகத் தொடங்கின. ஆதலின், ஓர் ஊரின் பழமையைக் காத்தலாவது, அதன் உறுப்புக்களுக்கு அவற்றின் பயனை மீட்டுக் கொடுத்தலே என்பது எம் கருத்து. அவ்வாறு மீட்கும்போது குடிகளின் நலமும் உடன் உயரும். இதனை நம் மாவட்டத்து ஊர்கள் மூன்றையும் அண்டையிலுள்ள மதுரையையும் கொண்டு விளக்கப் புகுகின்றோம்.

3. கரிசல் நாடு

விருதுநகர் மாவட்டம் 1985ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் பழைய இராமநாதபுர மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டது. மேற்கே மலைத்தொடர்; அதனைவிட்டுக் கிழக்கே செல்லச் செல்லக் கரிசல் நிலம். வைப்பாறும் அருச்சுனா நதியும் ஆண்டின் பெரும்பகுதியில் மணலாய்க் கிடப்பன. பெய்யும் மழையைத் தேக்கிக்கொள்ளாத ஊர் இந்நிலத்தில் நிலைத்தல் அரிது.

ஆயினும், மக்கள் இங்கே மிகப் பழங்காலத்திலேயே குடியமர்ந்து தொழில் செய்தனர். வெம்பக்கோட்டைக்கு அருகே விசயகரிசல்குளத்தில் 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் அகழாய்வு தொடங்கினர். சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் பொருள்களும் அங்கே வெளிப்பட்டன. நீர் குறைந்த நிலத்தார் உழவு ஒன்றையே நம்பியிராமல் கைத்தொழிலையும் வாணிகத்தையும் துணைக்கொள்வது இந்நாட்டில் நேற்றுத் தோன்றிய வழக்கம் அன்று என்பதற்கு அவை சான்றாம். இவ்விரண்டையும், அதாவது நீரின் அருமையையும் தொழிலின் பெருமையையும், மனத்திற் கொண்டே இந்நாட்டு ஊர்களை நோக்கவேண்டும்.

4. விருதுநகர்: மகமையும் தெப்பக்குளமும்

விருதுபட்டி என்று முன்னர் வழங்கிய ஊர் 1923ஆம் ஆண்டில் விருதுநகர் என்று பெயர் மாற்றப்பெற்றது. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 1876ஆம் ஆண்டில் ரெயில் ஓடத் தொடங்கியபின் இவ்வூரின் வாணிகம் பெருகியது. அதற்கு முன்னரே நாடார் குல வாணிகர் இங்கே பேட்டை அமைத்து வாழ்ந்தனர். பேட்டையாவது, பண்டம் ஏற்றிய வண்டிகளும் மாடுகளும் கள்வர் அச்சமின்றித் தங்குதற்குரிய மதில் சூழ்ந்த இடம். இதனை நடத்துதற்கும், கோயில், பள்ளி முதலிய பொதுவறங்களைச் செய்தற்கும், வாணிகர் தம் வாணிகத்தின் அளவுக்கேற்ப ஒரு சிறு பங்கைப் பொது நிதிக்கு அளித்தனர். அதற்கு மகமை என்று பெயர். பெருஞ்செல்வர் ஒருவரின் கொடையை எதிர்பாராமல், பலரும் சிறிது சிறிதாக இட்டுப் பெருக்கிய நிதி அது. சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளிக்காக வீடுதோறும் பிடியரிசி திரட்டிய வரலாறும் இவ்வூர்க்கு உண்டு. நாள்தோறும் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்த தாய்மாரே அப்பள்ளியைத் தாங்கினர் என்னலாம்.

ஊரின் நடுவே கடைவீதியை அடுத்துத் தெப்பக்குளம் விளங்குகின்றது. மழைநீர் வந்து சேர்தற்கு வழி இருக்குமட்டும் குளம் குளமாகும். அவ்வழி அடைபட்டால், கற்படி எவ்வளவு செம்மையாயினும், அது வெறும் பள்ளமே. குளத்தில் நிற்கும் நீர் மெல்ல நிலத்துள் ஊறிச் சுற்றிலுமுள்ள கிணறுகளுக்கு ஊற்றாகும். ஆதலால், தெப்பக்குளத்தைக் காத்தல் என்பது நான்கு கரைகளுக்கு வண்ணம் பூசுவதன்று. கூரைகளிலிருந்தும் தெருக்களிலிருந்தும் மழைநீர் வரும் கால்களைச் சாக்கடை கலவாதபடி பிரித்து வைத்தலும், அவற்றை ஆண்டுதோறும் மழைக்குமுன் தூரெடுத்தலுமே குளத்தைக் காத்தலாகும். இங்கே பழமையைக் காக்கும் செலவும் குடிநீர்க்குச் செய்யும் செலவும் ஒன்றேயாதல் காண்க. தாமிரபரணி நீரைத் தொலைவிலிருந்து குழாய்வழியாகக் கொண்டுவந்து பருகும் ஊர்க்கு, தன் தலைமேற் பெய்த மழையைச் சாக்கடையிற் போக்குதல் தகுமோ?

இவ்வூரில் யாவரும் அறிந்த இடம் மற்றொன்று உண்டு. அது சுலோசன நாடார் தெருவில் உள்ள காமராசர் இல்லம். 1903ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் பிறந்து, 1954 முதல் 1963 வரை முதலமைச்சராய் விளங்கிய அப்பெரியாரின் எளிய வீடு இப்போது நினைவில்லமாகப் பேணப்படுகின்றது. அவ்வீட்டைப்பற்றி மக்கள் வழங்கும் செய்தி ஒன்று உண்டு. மகன் முதலமைச்சராய் இருந்தபோது, தெருக்குழாயில் நீர் பிடித்துவந்த அன்னையார் சிவகாமியம்மையாரின் வீட்டுக்கெனத் தனிக்குழாய் ஒன்று இடப்பட்டதாம். அஃது அறிந்த மகனார், தெருவார்க்கு இல்லாத வசதி நம் வீட்டுக்கு ஏன் என்று அதனை எடுத்துவிடச் செய்தாராம். நினைவில்லத்தைக் காண்பதற்குச் செல்லும் நாம் இதனை நினைத்தல் வேண்டும். ஒரு வீட்டுச் சுவரைப் பேணி, அதே தெருவின் மற்றை வீடுகளுக்கு நல்ல நீரும் வடிகாலும் இல்லாது விட்டால், அவ்வீட்டுக்குரியவரை நாம் போற்றினோம் என்று சொல்லலாமோ?

5. திருவில்லிபுத்தூர்: தேரே அளவுகோல்

ஆண்டாளும் பெரியாழ்வாரும் பிறந்த திருவில்லிபுத்தூர் நம் மாவட்டத்தின் மிகப் பழைய ஊர்களுள் ஒன்று. பதினொரு நிலையும் 192 அடி உயரமும் உடைய அதன் கோபுரமே தமிழ்நாட்டரசின் இலச்சினையில் விளங்குவது என்பர். நாயக்க மன்னர் காலத்து அரண்மனையும் திருமுக்குளமும் அவ்வூரில் உள்ளன. கோயிலை நடுவிற் கொண்டு வீதிகள் சூழ்ந்த அமைப்பு அதனது.

ஆடிப்பூரத்தன்று ஆண்டாளின் பெருந்தேர் வீதிவலம் வரும். அஃது இயங்குதற்கு அகன்ற வீதியும், வளையும் மூலைகளில் வெளியிடமும் இன்றியமையாதன. வீதியிற் படிக்கட்டை நீட்டியவரும், கடைப்பந்தலை இழுத்துக் கட்டியவரும், தேர் வருமுன் அவற்றை அகற்றியே ஆகவேண்டும். நகரசபையின் ஆணைகள் பல ஏட்டளவில் நின்றுவிடுதல் உண்டு. தேரோ ஆண்டுக்கு ஒருமுறை தானே வந்து தெருவை அளந்து பார்க்கின்றது. இவ்வாறு காக்கப்பட்ட அகலமே மற்றை நாள்களில் ஊரார்க்குக் காற்றாகவும் வெளிச்சமாகவும் பயன்படுகின்றது; தீப்பற்றினால் நீர்வண்டி புகுதற்குரிய வழியாகவும் அமைகின்றது. முன்னோர் விழாவுக்கென வைத்த வெளி, இக்காலச் சுகாதார நூலார் கேட்கும் வெளியாகவே இருத்தல் நோக்கத்தக்கது.

தொழிலும் இவ்வாறே ஊரோடு பிணைந்துள்ளது. இவ்வூரிலிருந்து மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கும் திருப்பதிப் பெருவிழாவுக்கும் ஆண்டாள் சூடிய மாலை செல்லும். அதற்குப் பூ வேண்டும். பூவுக்கு நந்தவனம் வேண்டும். நந்தவனத்துக்கு நீர் வேண்டும். தொடுப்பவர்க்குக் கூலி வேண்டும். மாலை என்னும் வழக்கம் நிலைத்திருக்க வேண்டுமாயின், அதன் பின்னே நிற்கும் இவை யாவும் நிலைத்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இவ்வூர்ப் பால்கோவாவும் அத்தகையதே. அடுப்படியில் நின்று பாலைக் கிண்டுபவரின் புகை நிறைந்த கூடத்துக்கு நல்ல புகைபோக்கியும் காற்றோட்டமும் அமைத்துத் தருதல், பண்டத்தின் பெயரைக் காத்தலோடு ஒத்த கடமையாகும்.

6. மதுரை காட்டும் பாடம்

பயன் அற்றுப்போன பழமையை என் செய்வது என்று ஒருவர் வினவலாம். இதற்கு விடை காண நம் அண்டை நகராகிய மதுரையை நோக்குவோம். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே கலெக்டராயிருந்த பிளாக்பர்ன் என்பார், கோட்டை மதிலையும் அகழியையும் நீக்க முற்பட்டார். போர் ஒழிந்த காலத்தில் மதிலால் ஆவதொன்றில்லை. அகழியோ தேங்கிய நீரால் நோய்க்கு இடமாயிற்று. உள்ளே மக்கள் நெருக்கம் மிக்கிருந்தது. அவர் கண்ட வழி எளியது. மதிலை இடித்து அகழியைத் தூர்ப்போர்க்கு அங்கேயே மனை அளிப்பதாக அறிவித்தார். குடிகளே முன்வந்து அப்பணியை முடித்தனர். அவ்வாறு தோன்றியவையே வெளிவீதிகள். அப்பணியிற் கலந்த மாரட்டு, பெருமாள் மேஸ்திரி என்போர் பெயரால் இன்றும் வீதிகள் வழங்குகின்றன.

இங்கே மதில் மறைந்தது உண்மையே. அஃது ஓர் இழப்பே. ஆயினும், புதிய வீதிகள் பழைய ஆடி, சித்திரை, ஆவணிமூல, மாசி வீதிகளுக்குப் புறத்தே அவற்றின் போக்கைத் தழுவியே அமைந்தன. கோயிலைச் சூழ்ந்து அடுக்கடுக்காய் விரியும் நகரின் வடிவம் கெடவில்லை. எதனை நீக்கலாம், எதனை நீக்கலாகாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஓர் உறுப்பு பயனற்று நோய் தருமாயின் அதனை மாற்றலாம். ஊரின் வடிவத்தையும் குடிகளையும் சிதைத்தலாகாது.

இக்காலத்து மதுரை வேறொரு பாடமும் கற்பிக்கின்றது. மீனாட்சியம்மை கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர்த் தொலைவுக்குள் ஒன்பது மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள கட்டடம் எழலாகாது என்று 1997ஆம் ஆண்டில் அரசாணை பிறந்தது. கோபுரங்களின் காட்சி மறையாமல் இருத்தற்கு அது வேண்டுவதே. ஆயினும், அதனால் வரும் பெருமை நகரார் அனைவர்க்கும் உரியது. மாடி எழுப்ப இயலாமையால் வரும் இழப்போ அவ்வெல்லைக்குள் சிறு மனை உடையவர்க்கே உரியது. பொது நன்மைக்காகச் சிலர் பொறுக்கும் சுமையைப் பொதுநிதி பகிர்ந்துகொள்ளாவிடின், சட்டம் எத்துணை நன்றாயினும் அதனை மீறும் ஆசை ஓயாது. வரியிற் குறைப்பு, பழுதுபார்க்கக் கடனுதவி, பிறிதோரிடத்தில் கூடுதலாகக் கட்டிக்கொள்ளும் உரிமை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அவர்க்கு அளிக்கத்தக்கது.

திருமலை நாயக்கர் எடுப்பித்த புதுமண்டபத்தில் தையற்காரரும் புத்தகம் விற்போரும் பாத்திரக் கடைக்காரரும் நெடுங்காலம் தொழில் நடத்தி வந்தனர். மண்டபத்தை மீட்கும்பொருட்டு அக்கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. கல்லுக்கு நிகராகத் தொழிலாளியும் எண்ணப்படவேண்டும். அவரை மாற்றுவதாயின், வாங்குவோர் நடந்து வரும் தொலைவிலேயே மாற்றிடம் அமைதல் வேண்டும்.

7. கெடிஸ் கூறிய சிகிச்சை

இவற்றையெல்லாம் நூற்றாண்டுக்கு முன்னரே தெளிவாகக் கூறியவர் ஒருவர் உளர். பாத்திரிக்கு கெடிஸ் என்னும் அவர் 1854ஆம் ஆண்டில் பிறந்த காட்லாந்து நாட்டினர், உயிர்நூல் வல்லுநர். எடின்பரோ நகரின் பழைய பகுதியில் இடிந்தும் அழுக்கடைந்தும் கிடந்த குடியிருப்பொன்றில் 1886ஆம் ஆண்டில் மனைவியாருடன் தாமே குடிபுகுந்து, அண்டைவீட்டாரைத் துணைக்கொண்டு அதனைத் துப்புரவாக்கியவர். சென்னைக் கவர்னராயிருந்த பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பின்மேல் 1914ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார். 1915ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சை முதலிய நகரங்களைக் கால்நடையாகச் சுற்றி ஆராய்ந்து அறிக்கைகள் வரைந்தார்.

நெருக்கமான பழைய தெருக்களின் ஊடே நேரான பெருஞ்சாலையை வெட்டுதலே அக்காலத்துப் பொறியாளர் பலர் கொண்ட முறை. கெடிஸ் அதனை மறுத்தார். நல்ல மருத்துவன் நாடி பார்த்த பின்னரே கத்தியை எடுப்பான். எடுத்தாலும் புண்ணான இடத்தை மட்டும் அறுப்பான். அவ்வாறே, வாழத்தகாதபடி இடிந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, அவ்விடத்தைச் சிறு வெளியாக்கி, மரம் நட்டு, கிணற்றைத் தூர்வாரி, சந்துகளை வேண்டுமளவு அகலப்படுத்தினால் போதும் என்றார். இதனால் வீடிழப்போர் தொகை சுருங்கும். செலவும் மிகக் குறையும். காத்துச் செய்யும் அறுவை என்று இம்முறையை நாம் தமிழில் வழங்கலாம். நகர அமைப்புக்கென 1920ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குமுன்னரே இத்தகைய நுண்ணிய கருத்து நம் மண்ணிற் கூறப்பட்டுவிட்டது என்பது எண்ணி மகிழத்தக்கது.

கெடிசு இந்தூரில் செய்த செயலொன்று பட்டாசு நாட்டாராகிய நமக்குச் சிறப்பாகச் சுவை பயக்கும். அந்நகரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. எந்தெந்தத் தெரு மிகத் துப்புரவாக்கப்பட்டுப் பழுதுபார்க்கப்படுகின்றதோ, அத்தெருவின் வழியாகவே தீபாவளி ஊர்வலம் செல்லும் என்று அவர் அறிவிக்கச் செய்தார். தெருத்தோறும் போட்டி எழுந்தது. வீடுகள் வெள்ளையடிக்கப்பட்டன, குப்பைகள் வண்டி வண்டியாக வெளியேறின. ஊர்வலத்தில் தெருக்கூட்டுவோர் மாலை அணிந்து சிறப்பிக்கப்பட்டுச் சென்றனர். அழுக்கரக்கன் என்னும் பெரிய உருவமும் நோய் பரப்பும் எலியின் உருவமும் இறுதியிற் கொளுத்தப்பட்டன, வாணவேடிக்கையும் நிகழ்ந்தது. ஊர் மக்களின் விழாவையே ஊரைச் சீர்திருத்தும் கருவியாக்கியது அவர்தம் நுண்ணறிவு.

8. சிவகாசி: இடைவெளி யாருக்கு?

இனிச் சிவகாசிக்கு வருவோம். 15ஆம் நூற்றாண்டில் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் காசியிலிருந்து தென்காசிக்குக் கொண்டுசென்ற இலிங்கம் இங்கே தங்கியது என்பதும், அதனால் ஊர் இப்பெயர் பெற்றது என்பதும் வழிவழி வரும் செய்தி. 1899ஆம் ஆண்டு சூன் மாதத்தில் கலகத்தாற் சூறையாடப்பட்டு, வீடுகள் பல தீக்கிரையாகி, மீண்டும் எழுந்த ஊர் இது. கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய முயற்சியினின்றும் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களும் இங்கே தழைத்தன. 2021ஆம் ஆண்டில் திருத்தங்கலும் சேர்ந்து சிவகாசி மாநகராட்சியாயிற்று.

பட்டாசு ஆலையைக் கண்டோர், அது பெருங்கட்டடமாக இராமல், சிறு சிறு அறைகளாய் வெட்டவெளியில் ஒன்றுக்கொன்று விலகி நிற்பதை அறிவர். ஓரறையிற் பற்றிய தீ மற்றோரறைக்குத் தாவாதிருத்தற்கே அவ்விடைவெளி. அறையொன்றில் நால்வர்க்கு மேல் இருந்து பணிசெய்தல் கூடாது என்பதும் விதி. இவ்விதிகள் மீறப்படும்போதெல்லாம் உயிர்கள் மாய்ந்தமையை நம் மாவட்டத்தார் எத்தனையோ முறை கண்ணீருடன் கண்டுள்ளோம்.

பொருளுக்கும் பணிக்கூடத்துக்கும் இடைவெளி வேண்டும் என்பதை நாம் இவ்வளவு நன்கு அறிவோம். ஆயின், அக்கூடத்திலிருந்து மாலையில் திரும்பும் தொழிலாளி வாழும் தெருவில் அவ்விடைவெளி உண்டா? பழைய பகுதிகளில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், தலைமேல் பின்னிக்கிடக்கும் மின்கம்பிகள், தள்ளுவண்டியும் நுழைய வருந்தும் சந்துகள் ஆகியவற்றைக் காண்கின்றோம். இவற்றைச் சீராக்க ஊரை இடிக்கவேண்டுவதில்லை. கெடிஸ் கூறிய முறையே போதும். பாழ்மனை ஒன்றை வாங்கித் தெருவார்க்குச் சிறுவெளியாக்கலாம். அதன் அடியில் மழைநீர்த் தொட்டி ஒன்று அமைத்தால், அது கோடையில் நீராகவும் தீக்காலத்தில் காவலாகவும் உதவும். கம்பிகளை ஒழுங்குபடுத்தலும், எரியும் பண்டங்களைக் குடியிருப்புத் தெருவில் குவியாமல் தடுத்தலும் வேண்டும். இவை காண்போர் வியக்கும் பணிகள் அல்ல. ஆயினும் உயிர்காக்கும் பணிகள்.

9. பினாங்கு தரும் எச்சரிக்கை

கட்டடம் காக்கப்பட்டுக் குடிகள் இழக்கப்படுதலும் உண்டு. இதற்குத் தமிழர் வாழும் கடல்கடந்த ஊரொன்று சான்றாகின்றது. பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் நகரின் பழைய வீடுகளிற் குடிக்கூலி உயராதபடி 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுத்து வந்தது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்காவல் நீங்கியது. குடிக்கூலி ஏறவே, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவருட் பலர் வெளியேறினர். 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. பெருமை வந்தது, பயணிகள் வந்தனர், பழைய வீடுகள் தங்குமிடங்களாயின. வீட்டின் முகப்பு முன்போல் நிற்க, உள்ளே வாழ்ந்த குடும்பம் மட்டும் இல்லையாயின், அவ்வூர் காக்கப்பட்டது என்று கூற நாக்கூசும். நம் ஊர்களிலும், வீடு உடையவர்க்கே உதவி என்றும், குடிக்கூலிக்கு இருப்போர்க்கு ஒன்றுமில்லை என்றும் திட்டம் வகுத்தால் இவ்விளைவே நேரும்.

10. செய்யத்தக்கன

தமிழ்நாட்டு மரபுச் செல்வங்களைக் காக்க 2012ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் 2024ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் துணையாகும், ஆயினும், சந்தின் நிலையையும் கிணற்றின் நிலையையும் அங்கே வாழ்வோரே அறிவர். ஆதலின், நம் மாணாக்கரும் ஊராரும் கூடிச் செய்யத்தக்க சிலவற்றைத் தொகுத்துக் கூறுவாம்.

முதலாவது, அறிதல். விடுமுறையில் ஊர்க்குச் செல்லும் மாணாக்கர் தத்தம் தெருவின் படம் ஒன்று வரைக. வீடுகள், அவற்றின் வயது, குடியிருப்போர் தொகை, கிணறு, மரம், வடிகால், மழைநீர் ஓடும் திசை, கழிப்பிடம் உண்மை இன்மை ஆகியவற்றைக் குறிக்க. முதியோரிடம் கேட்டு, குளத்துக்கு நீர் எவ்வழி வந்தது என்பதை எழுதுக. அவர் மறைந்தபின் அச்செய்தியைத் தருவார் இலர்.

இரண்டாவது, நீர். ஊருணி, தெப்பக்குளம், கிணறு ஆகியவற்றின் வரத்துக்கால்களை மீட்டல் எல்லாப் பணிக்கும் முற்படுக.

மூன்றாவது, வீட்டினுள் நலம். தெருமுகத்துத் திண்ணையும் தூணும் நிற்க, பின்கட்டில் கழிப்பிடமும் குழாயும் அமைத்தல் பெரும்பாலும் இயல்வதே. முற்றத்தை மூடாதிருத்தல், இருண்ட அறைக்கு மேற்சாளரம் வைத்தல், சுண்ணாம்புச் சுவர்க்குச் சுண்ணாம்பே பூசுதல் ஆகிய சிறு செயல்கள் வீட்டைக் குளிர்ச்சியாகவும் உறுதியாகவும் வைக்கும். கோடை வெயில் கடுமையான நம் நாட்டில் தடித்த சுவரும் திறந்த முற்றமும் இகழத்தக்கன அல்ல.

நான்காவது, நிதி. மகமை என்னும் பழைய வழியைப் புதுக்குக. கடைவீதியார் தம் வாணிகத்தில் ஒரு சிறு பங்கைத் தம் தெருவின் வடிகாலுக்கும் வெளிச்சத்துக்கும் ஒதுக்கி, கணக்கை யாவரும் காண வைப்பின், அரசின் உதவியும் தானே பின்வரும். முன்னாளில் மகமை ஒரு குலத்தாரின் எல்லைக்குள் நின்றது. இந்நாளில் அது தெருவார் அனைவர்க்கும், குலமும் சமயமும் நோக்காது, பொதுவாதல் வேண்டும். துப்புரவுப் பணியாளர் வாழும் பகுதியும் அதன் நன்மையை முதலிற் பெறுக.

ஐந்தாவது, குடிகளின் ஒப்புதல். எந்தத் திட்டமாயினும், அத்தெருவில் இன்று வாழ்வோர் பணி முடிந்த பின்னரும் அங்கேயே வாழ்வாரா என்று முதற்கண் கேட்டறிதல் வேண்டும். வாழார் எனின், அத்திட்டத்தைத் திருத்துக.

11. முடிவு

இதுகாறும் கூறியவற்றால், பழமையும் நல்வாழ்வும் ஒன்றற்கொன்று பகை அல்ல என்பதும், குளத்துக்கு நீரும், தெருவுக்கு அகலமும், தொழிலாளிக்கு இடமும் மீட்டுத் தருதலே இரண்டையும் ஒருங்கே காக்கும் வழி என்பதும் விளங்கும். இக்கல்லூரியிற் பயின்று சென்றோர் பலர் இன்று பள்ளிகளிலும் வாணிகத்திலும் உள்ளாட்சி மன்றங்களிலும் பொறுப்பேற்று விளங்குகின்றனர். அவர் தம் ஊரில் ஒரு வரத்துக்காலையேனும் மீட்பாராயின், பயின்ற கல்விக்கு அது தக்க கைம்மாறாகும். பயின்றுகொண்டிருப்போர் அவ்வேலைக்கு வேண்டிய படங்களையும் கணக்குகளையும் வரும் விடுமுறையிலேயே எழுதத் தொடங்குவாராக. மழைக்காலம் ஐப்பசியில் வரும். அதற்குமுன் கால்களைத் தூரெடுக்க நாள்கள் சிலவே உள்ளன.